ஆணியிலிருந்து ஆணி வரை

ஓவியம் ஒன்று கேலரிக்குள் வந்து இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது அதன் முதுகை. முகம் எங்கேயும் ஓடிவிடாது. கேட்டலாக்கில் இருக்கும், இன்ஸ்டாகிராமில் இருக்கும். விஷயம் முதுகில்தான். சட்டத்தில் எந்தக் காலத்து கேலரியின் சீட்டு ஒட்டியிருக்கிறது, எந்த ஏலத்தின் லாட் எண் கிறுக்கியிருக்கிறது, ஆணி துருவேறியிருக்கிறதா, கித்தானில் மும்பை மழைக்காலம் விட்டுப்போன சாம்பல் புள்ளிகள் உண்டா, கிழிசலுக்குப் பின்னால் யாராவது ஒட்டுப் போட்டிருக்கிறார்களா, எல்லாம் அங்கே கிடக்கும். அதன் பிறகு படத்தைத் திருப்பி, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் மழமழவென்று இருந்த பரப்பு அப்போது மேடும் பள்ளமுமாகத் தெரியும். வண்ணம் எங்கே பொருக்குத் தட்டியிருக்கிறது, எங்கே உரியக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்குத்தான் பிடிபடும்.

கண்டதை ஒரு தாளில் குறிப்போம். படத்தின் வெளிக்கோடு அச்சிட்ட தாள். கீறல் உள்ள இடத்தில் ஒரு எண், பக்கத்தில் அதன் நீளம் மில்லிமீட்டரில். எல்லாம் பென்சிலில், பேனாவைப் படங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. கொடுப்பவரின் கையெழுத்து ஒன்று, வாங்குபவரின் கையெழுத்து ஒன்று. காட்சி முடிந்து திரும்பும்போது மறுபடி இதே சடங்கு. கண்டிஷன் ரிப்போர்ட் என்று இதற்குப் பெயர். நான் க்யூரேட்டர், கலைக்காட்சிகளைத் தொகுப்பவள். க்யூரேட்டர் என்றதும் கைத்தறிச் சேலை, பெரிய வெள்ளி மூக்குத்தி, ஒரு கையில் ஒயின், வாயில் ஃபூக்கோவின் தத்துவம் என்று ஒரு படம் பலருக்குத் தோன்றும். அப்படியும் சிலர் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டது இந்தத் தாள்.

நான் வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பெயரில்தான் மாட்டுங்கா, இடம் தாராவி. அசல் மாட்டுங்கா சென்ட்ரல் லைன் தண்டவாளத்துக்குக் கிழக்கே. அந்தப் பக்கம் கஃபே மெட்ராஸ், கிரி டிரேடிங், ஆஸ்திக சமாஜம், சற்றுத் தள்ளி சண்முகானந்தா அரங்கம். இந்தப் பக்கம் தோல், பிளாஸ்டிக், தகரம், விடிகாலையில் தலையில் அண்டா ஏற்றிக் கிளம்பும் இட்லிக்காரர்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான். ஒரு பக்கத்துக் கல்யாணத்துக்கு மறுபக்கத்தவர் போய்ச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டினார். எனக்கு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, சயானில் கல்லூரி, அப்புறம் தென் மும்பை ஃபோர்ட்டில் ஒரு கேலரியின் வரவேற்பு மேசை.

மும்பையில் இந்தத் தொழிலுக்குள் வரச் சில வழிகள் உண்டு. ஓவியராக வந்து தொகுப்பாளராக மாறுவது ஒன்று. போஸ் கிருஷ்ணமாச்சாரி கேரளத்திலிருந்து வந்து ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். இந்த ஊரிலேயே வரைந்தார், மற்றவர்களின் படங்களைத் தொகுத்துக் காட்டினார், பிறகு ரியாஸ் கோமுவோடு சேர்ந்து கொச்சி பினாலே என்ற கலைவிழாவை 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கினார். எழுத்து வழியாகவும் வரலாம். ரஞ்சித் ஹோஸ்கோட்டே கவிஞர், பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதியவர்; 2011 வெனிஸ் பினாலேயில் இந்திய அரங்கைத் தொகுத்தவர் அவர்தான். ஆய்வு வழியில் வந்தவர்களுக்கு உதாரணமாக கீதா கபூர் போதும். அவரும் ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும் 2001-இல் லண்டன் டேட் மாடர்னில் பம்பாய்க்கு என்று ஒரு பகுதியைத் தொகுத்தார்கள். 1992-93 கலவரத்துக்குப் பிந்தைய பம்பாய் அது. இந்த நகரத்தைப் பற்றி யார் காட்சி வைத்தாலும் அந்தத் தொகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. இவை தவிர இன்னொரு வழி, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். வீட்டில் அரிசி வாங்க வேறு ஆள் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி.

ஃபோர்ட் கேலரி என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் கலை அல்ல. தச்சரிடமும் பிரேம் போடுபவரிடமும் டெம்போக்காரரிடமும் மராத்தியில் சண்டை போட்டு, இந்தியில் சமாதானம் பேசி, சொன்ன நேரத்துக்கு வேலையை வாங்கத் தெரிந்த ஒரு பெண் அவர்களுக்கு வேண்டியிருந்தது. முதல் சில மாதம் அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பிறகு ஒரு விஷயம் தெரிந்ததும் போய்விட்டது. பம்பாயின் நவீன ஓவியம் ஆரம்பத்தில் கண்ணில் பட்ட இடங்களில் பிரேம் கடை ஒன்றும் உண்டு. கேக்கூ காந்தி 1940-களில் கெமோல்ட் என்ற பெயரில் படச்சட்டம் செய்யும் தொழில் நடத்தினார். பிரின்சஸ் தெருவில் கடை. சட்டத்துக்குள் வைத்துக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று ஆரா, ஹுசைன் போன்ற இளம் ஓவியர்களின் படங்களைக் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். 1963-இல்தான் அது ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் முதல் மாடியில் முறையான கேலரி ஆனது. 2007-இல் பிரெஸ்காட் சாலைக்குப் போனது. அந்த ஹுசைனும் ஒரு காலத்தில் இதே ஊரில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். ஆகவே சட்டக்காரர்களோடு நிற்பதில் எனக்குக் கூச்சம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

படம் மாட்டும் குழுவின் தலைவர் ரத்னகிரிக்காரர். எல்லோருக்கும் அவர் தாதா, மராத்தியில் அண்ணன். அவரிடம் கற்றதை எந்தப் படிப்பிலும் பிற்பாடு நான் பார்க்கவில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடக்காதே. கண்ணாடி போட்ட படத்துக்குப் பருத்திக் கையுறை போடாதே, வழுக்கும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலம், ஆனால் எதிரே நிற்கப்போகிறவர் யார் என்று பார்த்துவிட்டு ஆணி அடி. ரசமட்டம் சரியென்று சொன்னாலும் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் கண்ணை நம்பு, பழைய கட்டடங்களில் கூரையே சரிந்திருக்கும். காட்சித் திறப்பு நாளில் அவரும் ஆட்களும் ஆறு மணிக்கு சரக்கு லிஃப்டில் இறங்கிப் போய்விடுவார்கள். ஆறரைக்கு விருந்தினர்கள் முன் லிஃப்டில் ஏறி வருவார்கள். அரை மணி நேர இடைவெளி, எப்போதும்.

மேசையிலிருந்து எழுந்து தொகுப்பு வேலைக்கு வர எனக்குப் படிப்பும் வேண்டியிருந்தது. பைகுல்லாவிலுள்ள டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியத்தில் நவீனக் கலை வரலாறும் க்யூரேஷனும் சேர்ந்த ஒரு டிப்ளமா நடத்தினார்கள். நகரத்தின் மிகப் பழைய மியூசியம் அது. 1872-இல் திறந்தது, சிதிலமாகிப் பிறகு புதுப்பித்து 2008-இல் மறுபடி திறந்தது. அங்கே வகுப்பைவிட நான் அதிகம் நின்றது மேல்தளத்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால். பம்பாயின் சமூகங்களையும் தொழில்களையும் சின்னச் சின்ன மண் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். தலைப்பாகையின் மடிப்பு வரை அத்தனை நுணுக்கம். கீழே இருப்பது தொழிலின் பெயர், சமூகத்தின் பெயர். ஆளுக்குப் பெயர் கிடையாது. மாதிரிக்காகச் செய்த பொம்மை, அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தக் காட்சிக்குப் போனாலும் என் கண் படத்துக்கு முன் சீட்டுக்குப் போக ஆரம்பித்தது. கலைஞர் பெயர் இருக்கும், பிறந்த ஆண்டு இருக்கும், ஊடகம், அளவு, எல்லாம் இருக்கும். ஆயிரம் துண்டுத் தகரத்தை வெட்டி ஒட்டியவர்கள் இருந்தால், "தாராவி கைவினைஞர்களின் உதவியோடு" என்று ஒரு வரி. சில சமயம் அந்த வரியும் இருக்காது.

தாராவி கலைஞர்களுக்குப் பிடித்த பொருள். ஹேமா உபாத்யாய் 2009-இல் '8 அடி x 12 அடி' என்று ஒன்று செய்தார். அந்த அளவில் ஒரு அறை. உள்ளே போனால் சுவர், கூரை எல்லாம் குட்டிக் குட்டித் தகர வீடுகள் நம்மை நோக்கிக் கவிழ்ந்து நிற்கும். எட்டுக்குப் பன்னிரண்டு, எங்கள் கோலியின், அதாவது ஒற்றை அறை வீட்டின், அளவுதான். எங்களுக்கு மேலே ஒரு மாலா, பரண், இருந்தது, அண்ணன்கள் அங்கே படுப்பார்கள், அதனால் கணக்குப்படி நாங்கள் வசதியானவர்கள். வலுவான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் தாராவியை வெளியே கொண்டுபோய்க் காட்டுவது ஒன்று, தாராவிக்குள் காட்டுவது வேறு.

உள்ளே காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2015 பிப்ரவரி, மார்ச்சில் தாராவி பினாலே நடந்தது. 'ஆலி கல்லி பினாலே' என்றும் சொன்னார்கள். நடத்தியது கலை அமைப்பு அல்ல, ஸ்நேஹா என்ற சுகாதாரத் தொண்டு நிறுவனம். சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கியது. பினாலேயை முன்னின்று நடத்தியவர்கள் நய்ரீன் தாருவாலாவும் டேவிட் ஆஸ்ரினும். பணம் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்டிலிருந்து. தாராவிப் பெண்கள் சூசி விக்கரி என்ற துணிக்கலைஞரோடு உட்கார்ந்து, வீட்டுக்குள் வாங்கிய அடிகளை தாராவியின் வரைபடமாகத் துணியில் தைத்தார்கள். தென் மும்பையில் சிலர் இதெல்லாம் கலையா, சுகாதாரப் பிரச்சாரமா என்று மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. ஸ்நேஹாக்காரர்கள் சந்துகளுக்குள் வந்தது காட்சிக்காக அல்ல. வருஷக்கணக்காக அங்கே கர்ப்பிணிகளையும் அடிபட்ட பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எந்தக் கதவைத் தட்டலாம், எந்த நேரத்தில் தட்டலாம் என்பது தெரியும். மூன்று மாத கிராண்ட் வாங்கி வரும் க்யூரேட்டருக்கு அது எப்படித் தெரியும்? மறுவருடம் ஜோர்ஜ் மான்யெஸ் ரூபியோவும் அமண்டா பினாட்டியும் 'டிசைன் மியூசியம் தாராவி' என்று சக்கரத்தில் உருளும் ஒரு மியூசியத்தைக் கொண்டுவந்தார்கள். குயவர் செய்த பானையும் துடைப்பமும் அதில் ஏறின. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

சுதீர் ராஜ்பர் சமார் ஸ்டுடியோவைத் தொடங்கியது எனக்கு இவை இரண்டையும்விட நெருக்கமாகப் பட்டது. 2015-இல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை வந்து தோல்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்த பிறகு, பழைய ரப்பரில் பை செய்ய அவர்களோடு உட்கார்ந்தார். வசவாக வீசப்பட்ட சாதிப் பெயரையே பிராண்டாகப் பலகையில் எழுதினார். அந்தத் துணிச்சலைப் பார்த்த பிறகுதான் அப்பாவின் தொழிலை வைத்து ஒரு காட்சி செய்யலாம் என்று நான் நினைத்தேன்.

தாராவியில் தோல் பதனிடுவது பெரும்பாலும் போயாயிற்று. இப்போது பதப்பட்ட தோல் வெளியிலிருந்து வருகிறது. வெட்டி, தைத்து, பையாகவும் பெல்ட்டாகவும் பர்ஸாகவும் போகிறது. நான் காட்ட நினைத்தது பைகளை அல்ல, கருவிகளை. தோல் சீவும் கத்தி, குத்தூசி, வெட்டுக்கல், அட்டையில் வெட்டிய ஃபர்மாக்கள். ஃபர்மா என்பது அளவு மாதிரி. ஒரு பையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று, கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கும். எந்தக் கம்பெனிக்கு எந்த வருடம் தைத்தது என்று அதில் பேனாவால் எழுதியிருப்பார்கள். அந்தத் தொழிலின் மொத்த வரலாறும் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது, எலி கடித்த ஓரங்களோடு.

இவற்றைக் கடன் வாங்க நான் படிவங்களோடு போனேன். ஃபோர்ட்டில் ஒரு சேகரிப்பாளரின் கெய்டொண்டே ஓவியத்தை வாங்கும்போது என்னென்ன தாள் நீட்டுவேனோ அதையெல்லாம். கடன் ஒப்பந்தம், கண்டிஷன் ரிப்போர்ட், காப்பீட்டு மதிப்பு. நண்பர்கள் சிரித்தார்கள். கத்திக்குப் போய் ஒப்பந்தமா, பெரியவர்கள் சும்மா கேட்டாலே தருவார்களே என்றார்கள். சும்மா கேட்டால் தருவார்கள் என்பதுதான் என் சங்கடம். சேகரிப்பாளரிடம் சும்மா கேட்க எனக்குத் துணிச்சல் வருமா?

முதல் பட்டறையிலேயே தடை. அப்பாவோடு வேலை பார்த்த பெரியப்பா ஒருவர். தாளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எம்மா, நீ சர்வேக்காரியா?"

"இல்ல பெரியப்பா, நான்தான்..."

"தெரியும், வெட்டுக்காரன் மவ. அதுக்கு எதுக்கு கையெழுத்து?"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. தாராவி மறுசீரமைப்பு 2004-இலிருந்து பேச்சில் இருக்கிறது. 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்த பிறகு சர்வே ஆட்கள் கதவுகளில் எண் எழுதிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததற்குத் தாள் இருந்தால் ஒரு கணக்கு, இல்லையென்றால் வேறு கணக்கு. மேல்மாடியில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கு. ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியலின் பழைய பக்கம் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் ஊர் அது. ஆவணம் என்றால் என்ன என்பதில் தாராவிக்காரருக்கு எந்த ஆர்க்கைவிஸ்டும் பாடம் எடுக்க முடியாது. கண்ட தாளில் கையெழுத்துப் போடாதே என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று.

நான் அவர் முன்னாலேயே கத்தியை வெள்ளைத் தாளில் வைத்து வெளிக்கோடு வரைந்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். மரப்பிடியில் ஒரு பக்கம் பள்ளம். படிவத்தில் சேதம் என்ற கட்டத்தில் அதை எழுதப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத ஒடசல்னு எழுதாத. என் பெருவெரலு உக்காருத எடம் அது."

அதுவரை நான் கையாண்ட எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. விரிசல், உரிதல், கறை, பூஞ்சை, பூச்சி அரிப்பு உண்டு. புழங்கியதால் வந்த வடிவம் என்று ஒன்று இல்லை. வெட்டுக்கல்லில் ஓடிய ஆயிரம் கோடுகளைச் சேதம் என்று எழுதினால், அந்தக் கல்லே ஒரு சேதம் என்றாகிவிடும். புதிதாக ஒரு கட்டம் வரைந்து 'புழக்கம்' என்று தலைப்புப் போட்டேன். அதற்கப்புறம் பெரியப்பாவே சொல்லச் சொல்ல எழுதினேன். எது புழக்கம், எது தன் மகன் கீழே போட்டு உடைத்தது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

அடுத்தது காப்பீட்டு மதிப்பு. பொருள் தொலைந்தால் என்ன தொகை என்று இரண்டு தரப்பும் முன்கூட்டி ஒப்புக்கொள்வது. ஓவியத்துக்கு ஏல விலையைப் பார்த்துப் போடுவோம். ஹுசைனின் 'கிராம யாத்திரை' நார்வேயில் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போனது. அப்படி ஒரு விலை வந்த மறுநாளே ஊரிலுள்ள ஹுசைன்களுக்கெல்லாம் பாலிசித் தொகையை ஏற்றிப் போட வேண்டியிருக்கும். கத்திக்கு என்ன போடுவது? பெரியப்பா ரொம்ப யோசிக்கவில்லை.

"புதுசு வாங்குனா நூத்தம்பது, எரநூறு. ஆனா புதுக் கத்தி கைக்குப் பழகுததுக்கு ஒரு மாசம் ஆவும்லா. அந்த ஒரு மாசக் கூலியப் போடு."

போட்டேன். காட்சி நடக்கும் நாட்களுக்கு, வேறு கத்தியில் வேலை மெதுவாகும் என்பதால் பாதிக் கூலி வாடகை என்றும் முடிவாயிற்று. காப்பீட்டுக் கம்பெனி இளைஞர் போனில் இரண்டு தடவை கேட்டார்: "மேடம், இது ஆன்டிக்கா?" இல்லை, இப்போதும் வெட்டுகிறது என்றேன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டில் ஒவ்வொருவரின் பெயரும், ஊரும், எத்தனை வருட அனுபவம் என்பதும் தமிழில் முதல் வரியாக வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பைகுல்லா பொம்மைகளுக்கு என் பதில் அது என்று மனசுக்குள் ஒரு பெருமையும். ஒருவர் வேண்டாம் என்றார். மகளுக்கு செம்பூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு, பெண்ணின் அப்பா ஃபேக்டரியில் சூப்பர்வைசர். தோல் என்ற சொல் சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை; என் கல்லூரிப் படிவங்களில் அப்பாவின் தொழில் 'தனியார் வேலை' என்றுதான் இருக்கும். பொருளைத் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை. பெயர் மட்டும் வேண்டாம்.

என் படிவத்திலேயே அதற்கு வழி இருந்தது. பணக்காரச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் பெயர் போட விடுவதில்லை. வருமான வரி, திருட்டு பயம், உறவினர் கண், ஏதோ ஒன்று. அவர்களுக்காக ஒரு வரி வைத்திருக்கிறோம், உலகம் முழுக்க ஒரே வரி. அவருடைய ஃபர்மாக் கொத்துக்குக் கீழே அதையே ஒட்டினேன்: 'தனியார் சேகரிப்பு, மும்பை'. திறப்பு நாளில் ஃபோர்ட்டிலிருந்து வந்த ஒரு கேலரிக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, யாருடைய சேகரிப்பு என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். சொல்லும் உரிமை எனக்கில்லை என்றேன். அது உண்மையும்கூட. சேகரிப்பாளர் அந்த நேரம் வாசலில் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

சீட்டு அச்சடித்தது தனிக் கதை. என் வழக்கமான டிசைனர் தமிழைத் தன் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பும் காலும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய் நின்றன. 'கொ' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'க'வும், அதன் பின்னால் வட்டப் புள்ளியோடு அநாதையாக ஒரு குறியும். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை முடுக்கிவிட்டால் சரியாகும், ஆனால் வினைல் வெட்டும் கடைக்குப் போனால் அங்கே மறுபடி உடையும். கடைசியில் 90 அடி சாலையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் தம்பியிடம் போனேன். பூப்புனித நீராட்டு, அம்மன் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று தினம் தமிழில் அடித்துத் தள்ளுகிறவர். எழுத்தை முதலில் கோடுகளாக மாற்றிவிட்டுத்தான் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். எழுத்துப் பிழை ஒன்றையும் திருத்தினார். ஓரத்தில் ரோஜாப்பூ வைக்கட்டுமா என்று கேட்டார். அதில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

காட்சிக்கான இடம், ஒரு மூடிய பை பட்டறையின் மேல்தளம். இரும்பு ஏணிப்படி, கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். கேலரி நேரம் பதினொன்றிலிருந்து ஏழு, ஞாயிறு விடுமுறை என்பது வேலைக்குப் போகாதவர்களுக்காக யாரோ வகுத்தது. நாங்கள் இரவு எட்டிலிருந்து பதினொன்று, ஞாயிறு முழுநாள். 58 அங்குலத்தை 54-க்கு இறக்கினேன். குழந்தைகள் நிறைய வருவார்கள் என்று தெரியும். ஈரப்பதம்தான் பெரிய தலைவலி. தோலுக்கும் அட்டைக்கும் ஐம்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜூலையில் மும்பைக் காற்று எண்பதைத் தாண்டி நிற்கும். அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செம்பூர் மாமா ஒருவர் தானாக வந்து பொறுப்பெடுத்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், நீலம் இளஞ்சிவப்பானால் எடுத்து வறுத்துத் திரும்ப வைப்பது, மூலைக்கு ஒரு அளவுமானி, நோட்டில் கோடு போட்டுத் தேதிவாரியாகக் குறிப்பு. எந்த மியூசியத்திலும் அவ்வளவு சுத்தமான பதிவேட்டை நான் கண்டதில்லை. மாமி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு தக்காளி நறுக்க மாட்டார், இங்கே வந்து ஜெல் வறுக்கிறாரே என்றார்.

அதே காட்சியை மாட்டுங்காவில் வைக்க முடியுமா என்று ஒரு மண்டபத்தில் கேட்டுப் பார்த்தேன். மிக மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, தோல் என்பதால் தயங்குகிறோம், தாராவிப் பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். மேடையிலிருந்த மிருதங்கம் எதனால் செய்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை, அடுத்த வருடம் மறுபடி போக வேண்டியிருக்கும்.

காசைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தான். கேலரி விற்பனையில் வழக்கமாகப் பாதி கலைஞருக்கு, பாதி கேலரிக்கு. க்யூரேட்டருக்குக் காட்சிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதுவும் பல மாதம் நடந்து வாங்க வேண்டும். விற்பனையில் பங்கு தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. பங்கு வாங்க ஆரம்பித்தால் எந்தப் படம் சுவருக்கு வரும் என்பதை விலைப்பட்டியல் முடிவு செய்யும். கேட்டலாக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, கல்லூரியில் வகுப்பு, பிறருடைய காட்சிக்குக் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதிக்கொடுப்பது என்று நாலு பக்கமும் சேர்ந்துதான் வாடகை. கோட்பாட்டுப் புத்தகங்களை மெதுவாகப் படிக்கலாம். காப்பீட்டு பாலிசியை முதல் மாதமே வரிக்கு வரி படித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த பாலிசிக்கு எங்கள் வழக்கில் 'நெயில் டு நெயில்' என்று பெயர். கொடுத்தவர் வீட்டுச் சுவரின் ஆணியிலிருந்து பொருள் இறங்கும் நொடியில் காப்பீடு தொடங்கும். வண்டியில், கிடங்கில், காட்சியில் எல்லாம் தொடர்ந்து, அதே ஆணியில் திரும்ப ஏறும்போது முடியும். மலபார் ஹில் பணக்காரர் வீட்டுச் சுவர்களுக்கு இதில் சிக்கல் வருவதில்லை. இப்போது நான் இரண்டாவது காட்சிக்குப் பொருள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கடன் ஒப்பந்தத்தில் 'திருப்பித் தரும் இடம்' என்ற வரியில் எல்லோருக்கும் பேனா நின்றுவிடுகிறது. காட்சி முடியும்போது இந்தப் பட்டறை இருக்குமா, தற்காலிக முகாமுக்குப் போயிருப்போமா, தகுதிப் பட்டியலில் பெயர் வருமா என்று எழுதுகிறவருக்கே தெரியாது. அதனால் படிவத்தில் அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். பலர் ஊரில் அக்கா வீட்டு முகவரியை எழுதுகிறார்கள், நாங்குநேரி, வள்ளியூர் என்று. பெல்ட் தைக்கும் பையன் ஒருவன் தன் ஜிமெயில் முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதையும் வாங்கி வைத்திருக்கிறேன். காப்பீட்டு இளைஞர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.